இருபத்தெட்டு வெள்ளை வட்டங்கள்

தர்மபுரியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் பெனிட்டா என்ற ஆசிரியை நீட் தேர்வுக்குப் பாடம் நடத்தி வந்தார். ஒருமுறை எழுதித் தவறியவர்கள் அவரிடம் வருவார்கள்.

தங்கமணி தன் மகள் சிந்துஜாவை அங்கே அழைத்து வந்தாள். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“இருநூத்தி எழுபதுதாங்க எடுத்திருக்கா. முந்நூறுக்குக் கீழன்னா சேக்க மாட்டோம்னு மூணு இடத்துல சொல்லிட்டாங்க. இன்னும் ஒரே வருஷம், அப்புறம் மாப்பிள்ளை பாக்கறேன்னு இவங்கப்பா நிக்கறாரு. நீங்களும் இல்லைன்னு சொல்லிடாதீங்க டீச்சர்.”

“விடைத்தாள் நகல் இருக்கா?”

சிந்துஜா எடுத்துக் கொடுத்தாள்.

நூற்று எண்பது கேள்விகள். எல்லாவற்றுக்கும் வட்டம் கறுத்திருந்தது. தொண்ணூறு சரி, தொண்ணூறு தப்பு. தப்பு ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண்ணைத் தின்றிருந்தது.

“எல்லாம் தெரிஞ்சுதான் போட்டியா?”

சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள்.

“நான்தாங்க சொல்லி அனுப்புவேன்” என்றாள் தங்கமணி. “ஒண்ணையும் விட்டுட்டு வராதடின்னு. பன்னெண்டாவதுல அப்படித்தான் எழுதினா. ஏதாவது எழுதி வச்சா அரை மார்க்காவது போடுவாங்கல்ல?”

“அங்க போடுவாங்க.”

“மார்க் ஏறணும்னா நான் என்ன பண்ணணும் மிஸ்?” என்று சிந்துஜா கேட்டாள்.

பெனிட்டா விடைத்தாளை மேஜைமேல் வைத்தார். தங்கமணி நெற்றியை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

“தலைவலியாங்கம்மா?”

“காலையிலேர்ந்து விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுங்க.”

பெனிட்டா மேஜை இழுப்பறையைத் திறந்தார். நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அட்டைகளை உள்ளே போட்டு மூடினார். நான்கும் வெள்ளை, நான்கும் ஒரே அளவு.

“இதுல ஒண்ணு தலைவலிக்கு. அம்மாவுக்கு எடுத்துக் குடு. ஒரு நிமிஷம்தான்.”

சிந்துஜா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எதிலும் பெயர் இல்லை.

“ஏதாவது ஒண்ணைக் குடுடி” என்று தங்கமணி முணுமுணுத்தாள். “டீச்சர் பார்த்துக்கிட்டே இருக்காங்கல்ல?” அவளே கையை நீட்டினாள்.

சிந்துஜா சட்டென்று மாத்திரைகளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

“சும்மா இரும்மா! ஏற்கெனவே நீ பிரஷர் மாத்திரை போடறவ. எது எதுன்னு எனக்குத் தெரியாது.”

பிறகு ஆசிரியையிடம் திரும்பினாள்.

“தெரியாது மிஸ். குடுக்க மாட்டேன்.”

பெனிட்டா நான்கையும் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்பத்தைந்து இயற்பியல் கேள்விகள் கொண்ட தாளையும் ஒரு விடைத்தாளையும் நீட்டினார்.

“உள்ள போய் இதை எழுதிட்டு வா. ஒரு மணி நேரம்.” தங்கமணியிடம், “நீங்க கீழ போய் ஒரு டீ குடிங்கம்மா” என்றார்.

தங்கமணி டீ குடிக்கப் போகவில்லை. படியில் உட்கார்ந்தாள். மூன்று முறை எழுந்து வந்து கதவிடுக்கில் பார்த்தாள். மகளின் பேனா அசையாமல் நின்றபோதெல்லாம் ‘ஏதாவது போடுடி’ என்று முணுமுணுத்தாள்.

மணி ஆனதும் சிந்துஜா தாளைக் கொண்டுவந்து வைத்தாள். பதினேழு வட்டங்கள் கறுத்திருந்தன. மற்றவை வெள்ளையாக இருந்தன.

தங்கமணி எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, இருபத்தெட்டை விட்டுட்டியேடி! டீச்சர், வீட்டுல நல்லாத்தான் படிப்பா. இன்னொரு தாள் குடுங்க, எல்லாத்தையும் போட்டுடுவா. இதை வச்சு வேண்டாம்னு சொல்லிடாதீங்க.”

பெனிட்டா தாளின்மேல் சிந்துஜாவின் பெயரை எழுதினார். காலியாக இருந்த கேள்விகளின் எண்களை ஒரு நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

“அந்தப் பழைய தாளைப் பார்த்தப்ப, இவளுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு எனக்கே தெரியலைங்கம்மா. இப்பத் தெரியுது. நாளைக்குக் காலையில ஆறரைக்கு அனுப்புங்க.”