வௌவால் முகம் மூடிய கதை

அந்தக் காலத்தில், காடு கழனியில் இருந்த உயிரெல்லாம் வாய் திறந்து பேசும். அப்போது எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கண்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் வைப்பதுதான் அவர் வேலை. எதையும் கிட்டே போய்ப் பார்க்க மாட்டார். வில்வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். வெண்டைக்காயைப் பெண்பிள்ளையின் விரல் என்றார். முருங்கைக்காயை மேளம் அடிக்கிற குச்சி என்றார். ஊரில் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் ஆலமரத்தில் தொங்கிய தாய் வௌவாலைப் பார்த்தார். செம்பட்டை முகம், கூர்மூக்கு, விறைத்த காது. "பறக்கும் நரி" என்று பெயர் வைத்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வாரமே அவருடைய கோழிகளை ஒரு நரி தூக்கிக்கொண்டு போனது. நரி முகம் எங்கே தெரிந்தாலும், தரையோ மரமோ, சுட்டுவிடச் சொல்லி வேட்டைக்காரன் மாசாணத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

நரி மரத்தடிக்கு ஓடி வந்தது. "என்னடி, நீயும் எங்க ஆளாமே? வா, சேர்ந்தே ஓடுவோம்."

தாய் வௌவாலின் மார்பில் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் அதைச் சுமந்து பறந்தால் பருந்து விடாது. இருந்தால் குண்டு. எனக்கு இந்த இடம் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"கோழி தின்னது நீ. பழத்தைத் தவிர நான் எதைத் தொட்டேன்? என் மரத்தை விட்டு நான் ஏன் ஓடணும்?"

"துரை வச்ச பேரு. மாத்த மாட்டாரு."

"அவரு ஒண்ணும் மாத்த வேண்டாம். என் மூஞ்சியை மட்டும் பார்த்துட்டுப் பேரு வச்சாரு. இனிமே அது அவரு கண்ணுல படாது."

இரண்டு சிறகையும் இழுத்துக் குட்டியையும் தன் முகத்தையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டது. பார்த்த மற்ற வௌவால்களும் அப்படியே செய்தன. நரி தனியே ஓடிப் புதருக்குள் மறைந்தது.

மாசாணம் துப்பாக்கியோடு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தான். சிறகுப் போர்வைக்குள் குட்டி சத்தம் காட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கே நரி?" என்றார் துரை, வண்டியை விட்டு இறங்காமல்.

"நரி ஒண்ணும் இல்லைங்க துரை. உங்க குடை மாதிரி கறுப்பா நிறையத் தொங்குது. குடையைச் சுடச் சொன்னா சுடறேன்."

துரை முகம் சிவந்து வண்டியைத் திருப்பச் சொன்னார். வைத்த பெயரை மட்டும் மாற்றவில்லை. இங்கிலீஷில் அது இன்றும் நரிதான்.

அன்று முதல்தான் வௌவால் பகலெல்லாம் சிறகைப் போர்த்தி முகம் காட்டாமல் தொங்குகிறது. யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.