கரிக்குள் இருந்த அடையாளம்

கல்யாணப் பந்தி இன்னும் முடியவில்லை. அதற்குள் மிராசுதார் நல்லபெருமாள் கொல்லைப்புறத்துக்கே வந்து நின்றார். பாத்திரம் தேய்க்கும் இருளாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுத் தவலைய வேலைக்காரன் தெரியாம இரவல் கொடுத்துட்டான். கரியத் தேய்க்காம அப்படியே எடுத்துக் கொடு. இல்லேன்னா திருடின்னு போலீஸ்ல புடிச்சுக் கொடுத்துருவேன்!"

சமையலுக்கு இரவல் வாங்கிய நாற்பது வீட்டுத் தவலைகளும் ஒரே கரியாகக் கிடந்தன. தேய்த்தால்தானே வெட்டியிருக்கும் பேர் தெரியும்? தெரிந்தால் இந்த மனுஷனுக்கு என்ன?

விரலால் ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வெட்டிய எழுத்துகள் தட்டுப்பட்டன. ஒன்றில் மட்டும் எழுத்தே இல்லை. மூன்று முனை வைத்த குறிதான் இருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இதுவா பாருங்க எசமான்."

"இதேதான்! மூணு தலைமுறையா எங்க வீட்டுச் சொத்து!" என்று பிடித்து இழுத்தார்.

இருளாயி பிடியை விடவில்லை. பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அப்புறம் ஏன் எசமான் உங்க பேர வெட்டாம அம்மன் கோயில் சூலத்த வெட்டி வச்சிருக்கீங்க?"

பாயசத்தில் கை வைத்த கோயில் தர்மகர்த்தா, இலையை விட்டு எழுந்தார்.