தெற்கு மூலையில் நிற்கும் ஆள்காட்டி

இதை எனக்கு முதலில் சொன்னது ராக்கினி அக்கா. என் இளைய மகன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்த அணிவகுப்பு நாளில், பக்கத்து நாற்காலியில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் மகன் அங்கே கால்பந்து ஆடியவன். மைதானத்து மூலையில் ஒரு பறவை கத்தியது. "அது ஏன் கத்துதுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில், பறவை பேசினால் மனுஷருக்குப் புரிந்த காலத்தில், ஆள்காட்டிக் குருவிக்கும் மரத்தில்தான் கூடு. கண்ணோரத்தில் சிவப்பும் கிடையாது. ஒரு பெருங்காற்றில் மைதானத்து மரம் சாய்ந்துவிட்டது. முட்டையிடும் தவிப்பில் இருந்த ஓர் ஆள்காட்டி, போக்கிடமில்லாமல், தெற்கு மூலைக் கொடிக்குப் பின்னால் தரையிலேயே முட்டையிட்டது.

அகாடமி அணியின் கேப்டன் மாசிலாமணி அதைப் பார்த்தான்.

"என்ன தாயே, வெயில்ல கிடக்கிற?"

"நான் எழுந்தா முட்டை வெந்துரும் தம்பி."

தினமும் பயிற்சிக்கு வந்ததும் தன் தொப்பியைக் குச்சியில் மாட்டி, அதற்கு நிழல் வைத்துவிட்டுத்தான் ஆடப் போவான்.

கடற்படை அகாடமியோடு ஆட்டம் வந்தது. வருஷா வருஷம் கோப்பையை அவர்களே கொண்டுபோனார்கள். சமமாக முடிந்தாலும் கோப்பை அவர்களிடமே இருக்கும் என்பது ஏற்பாடு. மாசிலாமணிக்கோ அதுதான் கடைசி ஆட்டம். பயிற்சி முடிந்து எல்லைக்குப் போக வேண்டியவன். கோப்பையை ஒரு தடவையாவது தொட்டுவிடவேண்டும் என்று அவனுக்கு உயிர் துடித்தது.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கார்னர் கிடைத்தது. அதுவும் தெற்கு மூலையில்.

பந்தை வைத்துவிட்டுத் திரும்பினான். ஓடி வந்து அடிக்கவேண்டிய இடத்தில் ஆள்காட்டி சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு கிடந்தது.

"தம்பி, நான் எழும்ப மாட்டேன்."

"நீ இரு தாயே."

கோல்கீப்பர் ஐயாத்துரை, ஒரு வருஷம் இளையவன், தொலைவிலிருந்து கத்தினான்: "அண்ணே, கால்ல ஆணியா? பின்னால போய் ஓடி வந்து அடிங்க!"

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்று அடித்தான். பந்து சோர்ந்து போய் எதிராளியின் காலில் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

"முட்டைக் கேப்டன்!" என்று சொந்த அணிக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கிளம்புகிற அன்று மூலைக்கு வந்தான். குஞ்சுகள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னாலதானே கோப்பை போச்சு?" என்றது ஆள்காட்டி.

"கோப்பை அடுத்த வருஷம் வரும். இதுக வருமா? நான் திரும்பி வந்தா ஒரு குரல் கொடு தாயே. என்னைத் தேட இங்கே யாராவது இருக்கணும்ல."

சொந்தக்காரப் பறவைகள் புது மரத்துக்குக் கூப்பிட்டன. "மேலே இருந்தா வர்றவன் முகம் தெரியாதே" என்று அது தரையிலேயே தங்கிவிட்டது. பூட்ஸ் சத்தம் கேட்டால் ஓடி வரும். "நீயா? நீயா?" என்று கேட்கும். பார்த்துப் பார்த்துக் கண்ணோரம் சிவந்துபோனது.

அடுத்த வருஷம் அணி ஜெயித்தது. அதற்குள், மாசிலாமணி இனி வரமாட்டான் என்று எல்லையிலிருந்து சேதி வந்திருந்தது. ஐயாத்துரை கோப்பையைத் தூக்கிக்கொண்டு அணியோடு நேரே தெற்கு மூலைக்குப் போனான். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனான். ஆள்காட்டி ஓடி வந்து ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்தது.

"நீயா? நீயா? அவன் எங்கே?"

ஐயாத்துரை மண்டியிட்டு, கோப்பையை அதன் முன்னால் வைத்தான்.

"வருவார் தாயே" என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

அன்றிலிருந்துதான் ஆள்காட்டி இனமே மரத்தில் உட்காருவதில்லை. மனுஷ வாடை பட்டாலே தரையில் ஓடி ஓடிக் கத்துகிறது. அந்த அகாடமிப் பிள்ளைகளும், எத்தனை பெரிய ஆட்டமானாலும், தெற்கு மூலையில் மட்டும் ஓடி வந்து அடிப்பதில்லை. நின்றபடியேதான் அடிக்கிறார்கள். வெளியூர் அணிக்காரர்கள் சிரிப்பார்களாம்.

நீங்கள் வயல்பக்கமோ ஏரிக்கரையோ போகையில் அது கத்தினால், கல்லெடுத்து விரட்டாதீர்கள். "வருவான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.