குழுமத்தின் பீர்

குராக்கி, பீர் கம்பெனித் தலைவர் தெராவுச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒசாகாவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். நர்ஸுக்குத் தெரியாமல் தெராவுச்சி தன் கம்பெனி பீரை ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, "கம்பெனியைக் கைவிட்டுவிடாதீர்கள்" என்றார். குராக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அருமை" என்றார். மூன்றாம் நாள் தெராவுச்சி போய்விட்டார்.

குராக்கி வங்கி இயக்குநர். வங்கியும் பீர் கம்பெனியும் ஒரே குழுமம். இதன் பங்கு அதனிடம், அதன் பங்கு இதனிடம். குழுமத்தில் வேலை பார்ப்பவர்கள் வேறு பீரைத் தொட மாட்டார்கள். கல்யாணமோ கருமாதியோ, அதே பீர்தான். வெளியே மட்டும் வாங்க ஆளில்லை. இனியும் கடன் கொடுப்பதா, கம்பெனியை இழுத்து மூடுவதா என்று மறுநாள் காலை குராக்கி சொல்லியாக வேண்டும்.

அறுபத்தொரு வயதில் மூச்சு வாங்க மலையேறித் தன் குருவிடம் போனார். குரு தெய்ஷுன் என்ற பிக்குணி. அவரைவிட இருபது வயது இளையவர்.

"குருவே, முப்பது வருஷ உறவு. தாங்கிப் பிடிப்பது விசுவாசமா, முட்டாள்தனமா?"

தெய்ஷுன் உள்ளே போய் இரண்டு கிண்ணங்களில் பீர் கொண்டுவந்து வைத்தார்.

"பக்தர்கள் கொடுத்தது. நான் குடிப்பதில்லை; காய்கறியை ஊறுகாயாக ஊறப்போடும் தவிட்டில் ஊற்ற வைத்திருந்தேன். ஒன்று உங்களுடையது, மற்றது போட்டிக்காரருடையது. எது எது?"

குராக்கி முதல் கிண்ணத்தை எடுத்தார். கொஞ்சம் குடித்தார். இன்னும் கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டு அடிவரை குடித்தார்.

"இது போட்டிக்காரருடையது" என்றார், வாயைத் துடைத்தபடி. "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்."

இரண்டாவதில் ஒரு வாய். முகம் கோணிக்கொண்டது.

"இது எங்களுடையது."

"அவ்வளவு சுலபமாகத் தெரிகிறதா?"

"லேசாகச் சோப்பு வாடை வரும்."

"எப்போதிலிருந்து?"

"நான் வங்கியில் சேர்ந்த நாளிலிருந்து."

"கம்பெனிக்காரர்களிடம் சொன்னீர்களா?"

"ஒரே குடும்பம் மாதிரி இருப்பவர்களிடம் அதை எப்படிச் சொல்வது, குருவே?"

"அவர்கள் கேட்கவில்லையா?"

"கேட்பானேன்? குழுமத்தில் நாற்பதாயிரம் பேர் வாங்கிக் குடிக்கிறோம். குடித்துவிட்டு அருமை என்கிறோம்."

"முகம் கோணுமே?"

"அதை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம்."

தெய்ஷுன் தலையாட்டினார்.

"சரி, நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்றார் குராக்கி.

"கடனைப் பற்றியா? அது எனக்குத் தெரியாது. முதலில் சோப்பைப் பற்றிச் சொல்லுங்கள்."

குராக்கி எழுந்து வணங்கிவிட்டு மலையிறங்கிப் போனார்.

இரண்டாவது கிண்ணத்தில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது.