பதினெட்டுப் பட்டைகளும் ஒரு முதலையும்

ஒரு காட்டில் ஒரே ஒரு மடு இருந்தது. அந்த மடுவில் ஒரு முதலையும் இருந்தது. மழைக்காலத்தில் கவலையில்லை, காடெங்கும் ஓடைகள் ஓடும். கோடை வந்துவிட்டாலோ மடுவை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. குனிந்து வாய் வைத்தால் முதலை கவ்விவிடும். என்னதான் செய்வார்கள், பாவம்?

அதற்கு அந்தக் காட்டார் ஒரு வழி வைத்திருந்தார்கள். வருடம் ஒருமுறை, புங்க மரம் பூக்கும் சமயத்தில், மடுக்கரை மணலில் சண்டை நடக்கும். முதலை பார்க்கட்டும் என்றுதான் அந்த இடம். எதிராளியின் முதுகை மணலில் படவைத்தவன் காட்டு மல்லன். அவன் இடுப்பில் குன்றிமணி கோத்த நார்ப்பட்டை ஒன்றைக் கட்டுவார்கள். கோடை முழுக்க, விடிந்ததும் மல்லன் முதலில் இறங்கித் தண்ணீரை மூன்று முறை அறைவான். சண்டையைக் கண்ணால் பார்த்த முதலை, அந்தச் சிவப்புப் பட்டையைக் கண்டதும் எதிர்க்கரைக்குப் போய்விடும். பிறகு எல்லோரும் குடிப்பார்கள்.

மூன்று வருடமாகச் சடையன் என்ற கரடிதான் மல்லன். அவனுடைய வலது கைக் குத்து விழுந்தால் எழுந்து நின்றவர் இல்லை.

இந்த வருடம் புங்கம் பூத்ததும் சடையனுக்குச் சண்டையை நினைத்தாலே பயமாக இருந்தது. போன வருடச் சண்டையில் பிசகிய வலது தோள் இன்னும் சரியாகவில்லை. அதைப் பற்றி மனைவி கருப்பாயியிடம் கூட அவன் மூச்சு விடவில்லை. எதிரே நிற்கப்போவதோ கூரன் என்ற காட்டுப்பன்றி. ஒரே வருடத்தில் பாறை மாதிரி வளர்ந்திருந்தான் அவன்.

சண்டைக்கு முந்தின நாள் மரநாய் வந்தது. பட்டை முடைவதும், வென்றது யார் என்று சொல்லிக் கட்டிவிடுவதும் அதன் தொழில். ஒரு பட்டைக்கு ஒரு பலாப்பழம் கூலி. வருடத்துக்கு ஒரே ஒரு பழம் அதற்கு எந்த மூலைக்குப் போதும்?

"அண்ணே, எதுக்கு இந்த வம்பு?" என்றது மரநாய், குரலைத் தாழ்த்தி. "நீங்க கீழ்க்கரை மல்லன். கூரன் மேல்கரை மல்லன். ஆளுக்கொரு பட்டை. யாரும் தோற்க வேண்டாம், யாருக்கும் அடிபட வேண்டாம்."

"காட்டுக்கு ஒரு மல்லன்தானேடா வழக்கம்?"

"வழக்கத்தை நாமதானே உண்டாக்கினோம்! கூரனும் சம்மதிச்சாச்சு."

அது தப்பு என்று சடையனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தோள் விண்விண் என்று தெறித்தது. "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டான். அன்று நிம்மதியாகத் தூங்கினான். எழுந்ததும் அந்த நிம்மதியை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு பட்டை இரண்டானால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "எங்களை மாதிரிச் சின்ன உடம்புக்காரங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று முள்ளம்பன்றி வந்து நின்றது. கேள்வி நியாயந்தான். அதற்கும் ஒரு பட்டை கிடைத்தது. அப்புறம் இடதுகை மல்லன் வந்தான், மழைநாள் மல்லன் வந்தான். சடையனுக்குச் சளி பிடித்த நாலு நாளைக்கென்று ஓர் இடைக்கால மல்லன் வந்தான். சளி போய்விட்டது, அந்தப் பட்டை மட்டும் இடுப்பை விட்டுப் போகவில்லை. அட, சண்டைக்கே வராத எதிராளியை வென்றதாகச் சொல்லி முயலுக்குக் கூட ஒரு பட்டை! மரநாயின் பொந்துப் பக்கம் போனால் பலாப்பழ வாசனை மூக்கைத் துளைத்தது.

சடையன் ஒருநாள் கோபித்துக்கொண்டு போனான். "என்னடா கூத்து இது?"

"உங்களுக்கு என்னண்ணே குறைச்சல்?" என்று அவன் இடுப்பில் இன்னும் மூன்று பட்டைகளைக் கட்டிவிட்டது மரநாய். அவனும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். அதோடு காட்டில் பதினெட்டுப் பட்டைகள்.

மல்லர்கள் முறை வைத்து மடுவில் இறங்கினார்கள். முயலின் முறை வந்தபோது முதலை பழைய பழக்கத்தில் பின்வாங்கியது. பிறகு திரும்பிப் பார்த்து, "அட, முயலா?" என்றது. அடுத்த முறை முயல் இறங்கியதும் ஒரே பாய்ச்சல்! பட்டை அறுந்து முதலையின் வாயில் மாட்டியது. முயல் தப்பியது தம்பிரான் புண்ணியம். அதற்குப் பிறகு ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

இரண்டு நாள் போயிற்று. கருப்பாயிக்குப் பால் வற்றிவிட்டது. அவள் முதுகில் ஒட்டிக் கிடந்த இரண்டு குட்டிகளுக்கும் அழக்கூடத் தெம்பில்லை.

"என்னங்க, இன்னைக்கும் தண்ணி இல்லேன்னா பிள்ளைங்க தாங்காது" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் விடியலில் எல்லோரும் கரையில் கூடினார்கள். பட்டை கட்டியவர்கள் எல்லோரும் பின்வரிசையில் நின்றார்கள்.

"நான் மேல்கரை மல்லன், இது கீழ்க்கரை" என்றான் கூரன்.

"மழை பெய்யட்டும், நான் இறங்குறேன்" என்றான் மழைநாள் மல்லன்.

சடையன் இறங்கினான். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று ஓங்கி மூன்று முறை அறைந்தான். முதலை அசையவில்லை. இரண்டு கண்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே அவனையே பார்த்தன.

"இதே சத்தத்தைத்தான் முயலும் போட்டுச்சு" என்றது முதலை. "உன் இடுப்பில நாலு பட்டை. கரையில இன்னும் எத்தனையோ. இந்த வருஷம் மணல்ல ஒரு சண்டைகூட நடக்கலை. நிஜமான மல்லன் யாருன்னு நான் கடிச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

முதலை மெதுவாக நகர்ந்து வந்தது. சடையன் ஓர் அடி பின்னால் வைத்தான். சட்டென்று அவன் மணலில் ஏறி, நான்கு பட்டைகளையும் கழற்றிப் போட்டான்.

"கூரா, வாடா! அன்னைக்குப் போடாத சண்டையை இன்னைக்குப் போடுவோம்."

"இப்பவா அண்ணே? தாகத்துல கால் நடுங்குதே!"

"எனக்குந்தான் நடுங்குது. முதலை பார்க்கட்டும், வா."

கூரன் முயலைப் பார்த்தான், குட்டிகளைப் பார்த்தான். தன் பட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் பாய்ந்தான். மணல் பறந்தது. முதலை மோவாயைக் கரையில் வைத்துக்கொண்டு பார்த்தது.

"அண்ணே, சமம்னு சொல்லிடுறேன்!" என்று கிளையிலிருந்து கத்தியது மரநாய். "ஆளுக்கு இன்னொரு பட்டை!"

"வாயை மூடு!" என்று உறுமினான் சடையன். வலிக்கிற தோளை இழுத்து வலது கையால் விட்டான் ஒரு குத்து. கூரனின் முன்கால்கள் மடங்கின. ஆனால் அவன் விழவில்லை. தலையைத் தாழ்த்தி மறுபடியும் வந்தான். சடையனின் தோள் கைவிட்டது. அவன் முதுகு மணலில் பட்டது.

சடையன் சிரமப்பட்டு எழுந்தான். மணலில் கிடந்தவற்றில் நிறம் மங்கிய பழைய பட்டையைத் தேடி எடுத்து, தன் கையாலேயே கூரனுக்குக் கட்டினான். "இனி நீதான்டா மல்லன். போ, இறங்கு." மற்றவர்கள் யாரும் சொல்லாமலே தங்கள் பட்டைகளைக் கழற்றினார்கள்.

கூரன் தண்ணீரை ஒருமுறை அறைந்தான். முதலை அசையவில்லை. இரண்டாம் முறை அறைந்தான். கருப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் முறை அறைந்ததும் முதலையின் வால் திரும்பியது. எதிர்க்கரையில்தான் அது மறுபடியும் தலை தூக்கியது.

எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு குடித்தார்கள். கூட்டத்தில் ஒருவனாகச் சடையனும் குனிந்தான். அவன் வலது கை தொங்குவதைக் கருப்பாயி பார்த்துவிட்டாள்.

"தோள் வலின்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"தோத்துடுவேனோன்னு பயந்தேன்."

"தோத்தாச்சு" என்றாள் கருப்பாயி. "இப்பத் தண்ணியைக் குடிங்க."

நீதி: தோல்விக்குப் பயந்து பட்டத்தைப் பங்கு போட்டால், வென்றவனின் பட்டத்தையும் எவரும் மதிக்க மாட்டார்கள்.