பேரை மட்டும் கேட்கும் கம்ப்யூட்டர்

ஒரு பாலிடெக்னிக்கின் லேபில் முப்பது கம்ப்யூட்டர்கள் இருந்தன. எல்லாம் குறிஞ்சி என்ற கம்பெனி செய்தவை. அவற்றைத் தூசி தட்டித் துடைத்து வைப்பது செல்லக்கிளியின் வேலை.

ஒருநாள் போட்டிக் கம்பெனியான திகழின் மேனேஜர் ஆளவந்தார், பிரின்சிபாலைப் பார்க்க லேபுக்கே வந்துவிட்டார்.

"இனிமே பரீட்சையெல்லாம் எங்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்துலதான். அது குறிஞ்சியில ஓடாது. உள்ள இருக்கிற இதயமே வேற. இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு எங்க மெஷினை வாங்குங்க" என்றார்.

பிரின்சிபாலின் முகம் வாடிப்போனது. புதிதாகப் பத்து வாங்கவே கல்லூரி திணறும்.

செல்லக்கிளிக்கு ஒரு சந்தேகம். "மெஷின் எந்தக் கம்பெனின்னு உங்க சிஸ்டத்துக்கு எப்படி சார் தெரியும்?"

"துடைக்கிறவங்களுக்கு அது புரியாதும்மா."

"அப்ப உங்களுதையும் துடைச்சுப் பாக்கட்டுமா?"

அவர் சிரித்துக்கொண்டே தன் லேப்டாப்பை நீட்டினார். அவள் அதை அணைத்து, மறுபடி போடும்போது ஒரு பொத்தானை அழுத்தினாள். துடைக்கும்போது கைபட்டு அவள் பலமுறை பார்த்திருந்த மெஷின் விவரங்கள் திரையில் வந்தன. தயாரித்தவர் என்ற இடத்தில் 'திகழ்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'குறிஞ்சி' என்று அடித்தாள். லேப்டாப் கண்விழித்தது. 'இந்தக் கம்ப்யூட்டரில் என்னால் ஓட முடியாது' என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

"என்னத்தை உடைச்சே?" என்றார் ஆளவந்தார்.

"ஒண்ணையும் உடைக்கல சார். இதயம் அதேதான். பேரை மட்டும் மாத்தினேன்."

பிறகு ஒரு குறிஞ்சி கம்ப்யூட்டருக்குத் 'திகழ்' என்று பேர் வைத்து, அவர் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகினாள். அவருடைய சிஸ்டம் அதில் ஜோராக ஓடியது.

"மிச்சம் இருபத்தொன்பதுக்கும் பேர் வெச்சிடும்மா" என்றார் பிரின்சிபால்.

ஆளவந்தார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் லேப்டாப்புக்குப் பழைய பேரையே வெச்சுக் கொடும்மா."

"வெச்சிடலாம் சார். பெத்தவர் நீங்கதானே, அது காதுல மூணு தடவை சொல்லுங்க."