பூவாத்தாள் வைத்த முட்டை

ஒரு ஆஸ்பத்திரியில் பூவாத்தாள் என்று ஒருத்தி. ஆபரேஷன் கத்திகளைப் பொட்டலம் கட்டி, ஆவி மெஷினில் வைத்துக் கிருமி போக்குவது அவள் வேலை. பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு சரியாக ஏறினால் கறுத்துவிடும்.

பெரிய டாக்டர் சபாபதி புது மெஷின் வாங்கி, மாலை போட்டு ஓட்டச் சொன்னார். கோடு கறுக்கவில்லை. மறுபடி ஓட்டினாள். அப்போதும் அப்படியே.

"டேப்புதான் சொத்தை, என் மெஷின் தங்கம்! பொட்டலத்தைப் பிரி. சென்னியப்பன் குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருக்கான்."

"சீழ் வெச்சா அவன் உசுரு போயிருமுங்களே."

"பிரிக்கலேன்னா உன் வேலை போயிரும்!"

"பிரிக்கறனுங். பசியோட கத்தி பிடிக்காதீங்க. இந்த முட்டையும் அந்தப் பொட்டலத்தோட அரை மணி நேரம் உள்ளதான் இருந்துச்சுங். சாப்பிட்டுப் போங்க."

டாக்டர் கெத்தாக முட்டையை மேஜையில் ஓங்கித் தட்டினார். மஞ்சக்கரு சட்டையெல்லாம் வழிந்தது. நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பழைய மெஷினைப் போடு," என்றார் டாக்டர், மெதுவாக.

கோடு கன்னங்கரேலென்று வந்தது. நாலாம் நாள் சென்னியப்பன் நடந்தே வீட்டுக்குப் போனான். பூவாத்தாளுக்கு வேலையும் போகவில்லை. போனது ஒரு முட்டையும் ஒரு சட்டையும்தான்.